விக்கா நெறியாரின் மறுமொழிகள்: ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

ஒரு சமயத்தின்மேற் பிறர் சுமத்தும் பழி பொய்யாயிருத்தல் கூடும். அப்பழியைக் களைதற்பொருட்டு அச்சமயத்தார் கூறும் மறுமொழியும் பொய்யாயிருத்தல் கூடும். முன்னையதனால் இழுக்குறுவார் பழித்துரைப்பாரே. பின்னையதனால் இழுக்குறுவதோ அச்சமயமேயாம். ஆதலின், பழிக்கப்பட்ட சமயத்தார் தம்மை உலகிற்கு எடுத்துரைக்கும் முறை, அவர்தம் கொள்கைக்குச் சிறிதும் குறையாத கருத்தோடு ஆராயற்பாலது. இம்முறையை இக்காலத்தார் 'பொதுமக்கள் தொடர்பு' என்று பெயரிட்டு வழங்குப. வணிகர் தம் சரக்கிற்கும் அரசியலார் தம் கட்சிக்கும் கையாளும் இதனைச் சமயத்தார் கையாளப்புகின், நன்மதிப்பு முன்னும் உண்மை பின்னுமாய்விடும் இடர் உண்டு. இவ்விடர் எங்ஙனம் நேரும், எங்ஙனம் நீங்கும் என்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தில் வெளிப்பட்டு அமெரிக்காவிற் பரவிய விக்கா நெறியாரின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாம்.

விக்கா என்பது இயற்கையைத் தெய்வத்தன்மை உடையதாகக் கொண்டு, பெண்வடிவிலும் ஆண்வடிவிலும் இறைமையை வழிபட்டு, திங்களின் வளர்வு தேய்வுகளையும் பருவங்களின் மாறுதலையும் விழாக்களாகக் கொண்டாடும் நெறி. அந்நெறியார் பெரும்பாலும் சிறு குழுக்களாய்க் கூடி, வட்டமாக நின்று வழிபடுவர். கிறித்துவ சமயத்திற்கு முற்பட்ட ஐரோப்பிய வழிபாடுகளை இந்நாளில் மீட்டெடுக்க முயல்வார் அனைவரையும் தழுவிய பொதுப்பெயர் 'பேகன்' என்பது. அவருள் விக்கா நெறியார் ஒரு பிரிவினர். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021-ஆம் ஆண்டு எடுத்த குடிக்கணக்கில் தம்மைப் பேகன் என்று குறித்தார் ஏறத்தாழ 74,000 பேர். விக்கா என்று குறித்தார் ஏறத்தாழ 13,000 பேர். தொகை சிறிதாயினும், அவர் பட்ட இடரும் அதற்கு அவர் கூறிய விடையும் சிறியன அல்ல.

அவ்விடர் பெயரிலேயே தொடங்குகின்றது. 'பேகன்' என்பது நாட்டுப்புறத்தான் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது; கிறித்துவர் தம் சமயஞ் சாராதாரை இழித்துரைக்க வழங்கியது. 'விக்கா' என்பது மந்திரஞ் செய்வானைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். இக்கால ஆங்கிலத்தில் 'விட்ச்' என வழங்குவது அதனோடு ஒருவழித் தோன்றியதே. இதனைத் தமிழிற் 'சூனியக்காரி' என்று பெயர்த்துவிடின், ஆராய்ச்சி தொடங்குமுன்னரே தீர்ப்புக் கூறியதாய் முடியும். பிறர் இழித்தற்கு இட்ட பெயரையே ஒரு கூட்டத்தார் தம் பெயராக விரும்பி ஏற்பின், அதனை விளக்கும் சுமையும் அவர் தலைமேலதாகும். இச்சுமையை அவர் மூவகையால் தாங்க முயன்றனர்: தம் நெறியின் தொன்மை கூறல் ஒன்று, தம்மேற் சுமத்திய குற்றத்தை மறுத்தல் ஒன்று, தம் கொள்கையை உள்ளவாறு கூறிச் சட்டத்தின்முன் ஒப்புரிமை வேண்டல் ஒன்று. இம்மூன்றும் முறையே ஆராயப்படும்.

தொன்மை கூறல்

இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டிற் செய்த சட்டம் ஒன்று, மந்திர ஆற்றல் தமக்கு உண்டென்று நடிப்பாரை ஏமாற்றுக்காரராகக் கருதி ஒறுத்து வந்தது. அது 1951-இல் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட மூன்றாண்டில், அஃதாவது 1954-இல், ஜெரால்டு கார்ட்னர் என்பார் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்னும் நூலை வெளியிட்டார். 1884-இற் பிறந்த இவர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், பின்னர்ப் போர்னியோ மலாயா நாடுகளிலும் வாழ்ந்து, மலாயாவிற் சுங்க அலுவலராயிருந்து 1936-இல் ஓய்வு பெற்றவர். மலாய் நாட்டுக் குறுவாள்களைப் பற்றி நூலெழுதியவர். பழைய மந்திரநெறி அழியாது இங்கிலாந்திற் கரந்து வாழ்ந்ததென்றும், அதனைப் பேணிய ஒரு குழுவினர் நியூ ஃபாரஸ்ட் என்னும் காட்டுப்பகுதியில் 1939-இல் தம்மைச் சேர்த்துக்கொண்டனரென்றும் அவர் கூறினார்.

அந்நூலின் நோக்கம் இருவகையது. இந்நெறி தீங்கற்றது என்று உலகிற்குக் காட்டுதல் ஒன்று. தொன்மையானது என்று காட்டுதல் மற்றொன்று. முன்னையதற்குப் பின்னையதே சான்றாக நிறுத்தப்பட்டது. அச்சான்றிற்கு வலிமை தந்தவர் அந்நூலிற்கு முன்னுரை வழங்கிய மார்கரெட் மர்ரே என்னும் அம்மையார். எகிப்து நாட்டுப் பழம்பொருளாராய்ச்சியிற் பெயர்பெற்ற இவர், 1921-இல் வெளியிட்ட நூலொன்றில், ஐரோப்பாவில் மந்திரக்காரரென ஒறுக்கப்பட்டோர் உண்மையிற் கிறித்துவத்திற்கு முற்பட்ட ஒரு சமயத்தை மறைவிற் பேணியோரே என்று நாட்டினார். 1929-இல் வெளிவந்த பிரித்தானிய கலைக்களஞ்சியத்தில் இப்பொருள் பற்றிய கட்டுரையை எழுதியவரும் அவரே. அவர்தம் கோட்பாடு பல்லாண்டுகள் அக்களஞ்சியத்தில் நின்றமையின், கற்றாரும் அதனை ஐயமற்ற முடிபெனக் கருதினர்.

அம்முடிபு நிலைபெறவில்லை. 1975-இல் நார்மன் கோன் என்னும் வரலாற்றாசிரியர், மர்ரே அம்மையார் எடுத்தாண்ட பழைய வழக்கேடுகளையே மீண்டும் எடுத்து ஒப்பிட்டனர். ஒப்பிட, அம்மையார் அவற்றினின்றும் எடுத்துக்காட்டிய பகுதிகளில் வானிற் பறந்ததும் விலங்குரு எடுத்ததும் போன்ற நடவாச் செய்திகள் விடப்பட்டு, நடக்கக்கூடியன மட்டுமே நிறுத்தப்பட்டமை புலனாயிற்று. இம்முறை உரையளவையின் இலக்கணத்திற்கு முற்றும் மாறானது. உரையளவை கொள்ளத்தக்கதாதல் உரைப்பானது நம்பத்தகும் தன்மையால். ஒருவன் வாக்குமூலத்தில் பொய்யெனத் தெளிந்தவற்றை மறைத்துவிட்டு, எஞ்சியவற்றைக் காட்டி 'இவன் மெய்யே கூறினான்' என்பது, சான்றை ஆராய்வதன்று, புதிதாய்ச் சமைப்பதாம். அவ்வாக்குமூலங்களிற் பல துன்புறுத்திப் பெறப்பட்டன என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1999-இல் ரொனால்டு ஹட்டன் தம் விரிந்த ஆராய்ச்சி நூலில், விக்கா நெறி பண்டைக் காலத்தினின்று இடையறாது வந்ததன்று என்றும், மந்திரச் சடங்குக் கழகங்கள், ஃப்ரீமேசன் சங்கங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புலவர் கற்பனைகள், நாட்டுப்புற வழக்காராய்ச்சி ஆகியவற்றினின்றும் இருபதாம் நூற்றாண்டில் உருவானதென்றும் காட்டினர். இந்நெறியைப் பழிப்பார் அல்லர் அவர். அதனை மதிப்போடு ஆராய்ந்தவரே. ஆதலின் அவர் முடிபைப் பகைமையால் விளைந்ததெனத் தள்ளுதற்கு இடமில்லை.

தொன்மை கூறியோரின் மற்றொரு பிழை இதனினும் கொடியது. ஐரோப்பாவில் மந்திரக்காரரெனக் கொல்லப்பட்டார் தொகை தொண்ணூறு இலக்கம் என்னும் கூற்று இந்நெறியாரிடைப் பெருவழக்காயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனி நாட்டுக் குவெட்லின்பர்க் நகரத்து ஃபாய்க்ட் என்பார், ஓரூரின் சிறு கணக்கை நாடு முழுமைக்கும் காலம் முழுமைக்கும் பெருக்கிக் கண்ட தொகை அது. பின்னர் அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் மெட்டில்டா கேஜ் 1893-இல் வெளியிட்ட நூலாற் பரவி, 1979-இல் ஸ்டார்ஹாக் என்பாரின் நூலிலும் இடம்பெற்றது. இக்கால வரலாற்றாசிரியர் பெரும்பாலார் கொள்ளும் தொகையோ 40,000 முதல் 60,000 வரை. இத்தொகையும் நெஞ்சை நடுக்குவதே. நாற்பதாயிரம் உயிர் போதாதென்று தொண்ணூறு இலக்கம் வேண்டியவர், இறந்தாரை எண்ணினாரல்லர். தம் வழக்கிற்கு எடை கூட்டினர்.

அன்றியும், அங்ஙனம் மாண்டார் எவர்? தம்மைக் கிறித்துவர் என்றே கருதி, குற்றமிலம் என்று அழுது, தம் தெய்வத்தின் பெயரையே சொல்லித் தூக்கிலும் தீயிலும் உயிர்விட்ட எளிய மக்களே அவருட் பெரும்பாலார். அவரைத் தம் நெறியின் மறைந்த அடியார் எனக் கூறிக்கொள்வது, அவரைக் கொன்ற நடுவர் கூறியதனையே மற்றொருவகையால் ஒப்புக்கொள்வதாய் முடிகின்றது. 'இவள் மந்திரக்காரியே' என்றனர் நடுவர். 'ஆம், எம்மவளே' என்றனர் பின்வந்தோர். குற்றமற்றவள் என்று அவள் கூறிய சொல் இருவர் செவியிலும் ஏறவில்லை. ஒரு பெயரைத் தாமே விரும்பி ஏற்பார்க்கும் அப்பெயர் பிறராற் சுமத்தப்பட்டு மடிவார்க்கும் உள்ள வேற்றுமை பெரிது. இந்தியாவில் 1999-இற் பீகாரும் 2001-இல் ஜார்கண்டும், பெண்டிரைச் சூனியக்காரி என முத்திரையிட்டுத் துன்புறுத்துதலைத் தடுக்கச் சட்டஞ் செய்ய வேண்டியிருந்தது. அப்பெண்டிர் எவரும் அப்பெயரை வேண்டினாரல்லர். அவர்க்கு உதவுவது 'நீ எச்சமயத்தவள்' என்னும் ஆராய்ச்சியன்று. 'நீ குற்றமற்றவள்' என்னும் உண்மையே.

பழஞ்சட்டங்கள் என்பன

தொன்மை கூறும் வழக்கம் வெளியுலகத்தாரை மயக்கியதோடு அமையாது, உள்ளிருந்தாரையும் பிளந்தது. கார்ட்னர் செய்தித்தாள்களிற் பேசுதலிற் பெருவிருப்புடையவர். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள்கள் சில இந்நெறியைக் கொடிய சாத்தான் வழிபாடாக எழுதி வந்த காலம் அது. அந்நிலையில் அவர் மேன்மேலும் வெளிப்படப் பேசுதல் குழுவிற்குத் தீங்கு பயக்கும் என்று கருதியவருள் தலையாயவர் டோரீன் வேலியன்டி என்னும் அம்மையார். 1953-இற் கார்ட்னரால் இந்நெறியிற் சேர்க்கப்பட்டவர்; அதன் வழிபாட்டு உரைகள் பலவற்றைத் திருத்தியும் புதிதாய் யாத்தும் தந்தவர். 1957-இல் அவரும் அவரைச் சார்ந்தோரும், வெளியுலகத்தாரோடு பேசும் முறைக்குச் சில விதிகள் வகுத்துக் கார்ட்னர்க்கு விடுத்தனர். அவை வேண்டா, பழமையான சட்டங்கள் முன்னரே உள்ளன என்று கூறி, அவர் ஓர் ஏட்டை அனுப்பினர். அதுகாறும் அவ்வேட்டைப் பற்றி அக்குழுவிற் கேட்டார் ஒருவரும் இலர். அம்மையார் அதனை நம்பாது பிரிந்தனர்.

அவ்வேட்டை அகச்சான்றுகொண்டு ஆராய்வார்க்கு ஐயம் நீங்குதல் எளிது. அதன் நடை பழைய ஆங்கிலம்போல் தோன்றினும், இடையிடையே பிற்காலச் சொல்லும் வழக்கும் விரவிநிற்கும். அன்றியும், மந்திரக்காரர் தீயிலிட்டு எரிக்கப்படும் காலத்து விதிகள் என அது தன்னைக் கூறிக்கொள்ளும். இங்கிலாந்தின் சட்டமோ மந்திரக் குற்றத்திற்குத் தூக்குத் தண்டனையே விதித்தது. எரித்தல் ஸ்காட்லாந்திலும் ஐரோப்பியப் பெருநிலத்திலும் நிகழ்ந்தது. இங்கிலாந்திற் கரந்து வாழ்ந்த குழுவொன்று தன் உறுப்பினர்க்கு எழுதிய விதியாயின், தன்னை எதிர்நோக்கிய தண்டனை இன்னதென்று அறியாதிருத்தல் யாங்ஙனம்? தலைமை வகிக்கும் பெண் இளையவள் ஒருத்திக்கு விருப்போடு இடங்கொடுத்து விலகல் வேண்டும் என்னும் விதி ஒன்று, அப்பூசல் நிகழ்ந்த காலத்திற்கே பொருந்துமாறு அதனுள் அமைந்திருந்ததும் நோக்கத்தக்கது. நூல் ஒன்றின் காலத்தை அது கூறும் காலத்தால் துணியலாகாது. அஃது அறிந்திருப்பனவற்றாலும் அறியாதிருப்பனவற்றாலும் துணிதல் வேண்டும்.

இப்பூசலிற் கருதற்பாலது ஒன்றுண்டு. வெளியார்க்கு நெறியைப் பழமையானதாகக் காட்டக் கைக்கொண்ட வழியே, பின்னர் உள்ளிருந்தாரின் வினாவை அடக்கவும் கருவியாயிற்று. பொய்யைப் புறத்தார்க்கென ஒருவன் செய்யின், அஃது அகத்தார்பாலும் திரும்பும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

குற்றத்தை மறுத்தல்

இரண்டாம் மறுமொழி மறுப்பு. 1980-ஆம் ஆண்டளவிற் றொடங்கி, சாத்தானை வழிபடும் மறைகுழுக்கள் குழந்தைகளைக் கொடுமை செய்கின்றன என்னும் அச்சம் அமெரிக்காவிற் பரவி, பின்னர் இங்கிலாந்தையும் பற்றிற்று. 1990-இல் ராச்டேல் நகரிலும் 1991-இல் ஆர்க்னித் தீவிலும் குழந்தைகள் அலுவலராற் பெற்றோரினின்றும் பிரிக்கப்பட்டனர். குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை. பேகன் நெறியார் அனைவரும் இவ்வச்சத்தின் நிழலில் வாழ வேண்டியவராயினர். 'யாம் சாத்தானை வழிபடேம். சாத்தான் என்பது கிறித்துவர் கோட்பாடேயன்றி எம் கோட்பாடன்று. எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யேம்' என்பதே அக்காலத்து அவர் வெளியிட்ட துண்டுத்தாள்கள் பலவற்றின் சாரம்.

இம்மறுப்பு உண்மையானது, வேண்டுவதும் ஆயிற்று. ஆயினும் இதன்கண் மூன்று குறை உள. முதலாவது, இன்மையை இல்லாதவரே சொல்லி நிறுவுதல் அரிது. 'என்பாற் களவில்லை' என்று ஒருவன் நூறுமுறை கூறினும், ஐயுறுவான் அவன் சொல்லையே ஐயுறுவன். அவ்வச்சத்தைத் தணித்தது பேகன் நெறியாரின் மறுப்புரையன்று, நடுநிலையான ஆராய்ச்சியே. ஆங்கில அரசு வேண்ட, மானிடவியல் அறிஞர் ஜீன் லா ஃபான்டேன் அம்மையார் 84 வழக்குகளை ஆராய்ந்து 1994-இல் முடிபு வெளியிட்டனர். சாத்தான் வழிபாட்டுக் கொடுமைக்கு அவற்றுட் சான்றில்லை. சடங்குபோன்றதொன்று மூன்று வழக்குகளிற் காணப்பட்டதெனினும், அது தீயோர் தம் குற்றத்திற்குக் கொண்ட கருவியேயன்றிச் சமயமன்று என்பது அம்முடிபு. அளவையால் ஆராய்ந்த ஓர் அறிக்கை, பல்லாண்டு மறுத்துரைத்தலினும் வலிதாயிற்று.

இரண்டாவது, மறுப்பவன் பழிப்பவனுடைய சொற்களையே தன் பேச்சிற்கு எல்லையாகக் கொள்கின்றான். 'சாத்தானல்லன்' என்று தொடங்கும் உரையைக் கேட்டானொருவன் மனத்திற் பதிவது சாத்தான் என்னும் சொல்லே. அந்நெறியார் எதனை வழிபடுகின்றனர், ஏன் வழிபடுகின்றனர், அவ்வழிபாட்டால் அவர் வாழ்வு எங்ஙனம் திருந்துகின்றது என்பன கேட்கப்படாமலே போகும்.

மூன்றாவது குறை அறத்தைச் சார்ந்தது. தம்மேல் வந்த பழியை மறுப்பார் சிலர், அதனை அயலார்மேல் தள்ளிவிட்டனர். 'யாம் வெள்ளை மந்திரத்தார். தீயார் கருப்பு மந்திரத்தார்' என்றும், 'யாம் அல்லேம். சாத்தானியர் எனப்படுவாரே அத்தகையர்' என்றும் கூறுதல் அவர்க்கு எளிதாயிற்று. சாத்தானியர் எனத் தம்மை அழைத்துக்கொள்வாரின் கொள்கை ஏற்கத்தக்கதோ அன்றோ என்பது வேறு வினா. நிகழாத குற்றத்தை அவர்மேல் ஏற்றுதல் நேர்மையாகாது. பொய்ப்பழியாற் புண்பட்டவர்க்கு அப்பழி பொய் என்பதனைக் கூறும் உரிமை உண்டு; அதனை மற்றொருவர் வாயிலில் வைத்துவிடும் உரிமை இல்லை.

கொள்கை கூறலும் உரிமை வேண்டலும்

மூன்றாம் மறுமொழியே ஏனையிரண்டினும் வலியது. அதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்க ஏடு, அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்க விட்சுகள் மன்றம் என்னும் பெயருடையார் கூடி ஏற்றுக்கொண்ட பதின்மூன்று கொள்கைகளின் தொகுப்பு. திங்களின் நிலையையும் பருவங்களையும் ஒட்டி வழிபடல், இயற்கையோடு இயைந்து வாழும் கடமை, ஆண்மை பெண்மை என இருகூறாய் வெளிப்படும் படைப்பாற்றல், மக்களை அடக்கியாளும் தலைமையை ஏலாமை என்பன முதலியவை அதன்கண் எளிய சொற்களாற் கூறப்பட்டன. ஏனைச் சமயங்கள்பால் தமக்குள்ள மாறுபாடு, தம் நெறியே ஒருநெறி என்று கூறிப் பிறர் உரிமையைத் தடுக்கும் அளவிற்கே என்று வரையறுத்ததும் நன்று.

அவ்வேட்டின் தலையாய சிறப்பு வேறொன்று. தம் நெறியின் வரலாறு பற்றியும் சொற்களின் தோற்றம் பற்றியும் நிகழும் வழக்காடல்கள் தம்மை அச்சுறுத்தா என்றும், தம் கருத்து நிகழ்காலத்தும் எதிர்காலத்தும் உள்ளதென்றும் அது கூறியது. கோன் என்பாரின் நூல் வெளிவருதற்கு ஓராண்டு முன்னரே இது கூறப்பட்டது. தொன்மை என்னும் கோலை ஊன்றி நின்றவர் அக்கோலை வைத்துவிட்டு நிற்கத் தொடங்கிய இடம் இதுவே.

எனினும் இவ்வேடும் குறையற்றதன்று. அதனை ஏற்றுக்கொண்ட மன்றம் அவ்வாண்டிலேயே கலைந்தது. தலைமையும் பொதுமறையும் இல்லாத ஒரு நெறிக்குச் சிலர் கூடி எழுதிய ஏடு, அலுவலரும் செய்தித்தாளாரும் கேட்கும்போதெல்லாம் அனைவர் குரலாக எடுத்துக்காட்டப்பட்டது. புறத்தார் வினவுதற்கெனச் செய்த விடையே அகத்தார்க்கு இலக்கணமாய்விடும் இடர் இதன்கண் உண்டு. மேலும், வரலாற்று வழக்காடல் அச்சுறுத்தாது என்பது அவ்வழக்காடலை முடித்தலாகாது. 'பொய்யாயினும் கவலேம்' என்பதற்கும், 'ஆராய்ந்தேம், இத்துணையே மெய்' என்பதற்கும் இடைவெளி பெரிது. ஏடு முன்னையதன் எல்லையில் நின்றுவிட்டது. பின்னையதனைச் செய்தோர் தனித்தனி அறிஞரே. செய்தியாளர் மார்கட் ஆட்லர் 1979-இல் வெளியிட்ட நூல், தொன்மைக் கதையை வரலாறென்னாது உருவகமெனக் கொள்வார் அந்நெறியாருள்ளேயே பலர் உளர் என்பதனை வெளிப்படக் காட்டிற்று. வேலியன்டி அம்மையாரோ கார்ட்னரோடு பூசலிட்டுப் பிரிந்தும், அவர் கூறியன அனைத்தும் பொய்யெனத் துணிந்துவிடாது, அவர் குறித்த மூதாட்டி ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரோ எனப் பதிவேடுகளைத் தேடி, அத்தகையார் ஒருவர் இருந்தமையை நிறுவினர்; தேடலின் பயன் 1984-இல் வெளிவந்தது. 1989-இல் தாம் வெளியிட்ட நூலில், வழிபாட்டு உரைகளுட் பிறர் நூல்களினின்று எடுக்கப்பட்டன உள என்பதனையும் மறையாது எழுதினர். தம் ஆசிரியர்க்குச் சார்பாகவும் மாறாகவும் உள்ள சான்றுகளை ஒரே தட்டில் வைத்து நிறுத்த அவ்வம்மையாரின் நேர்மை, இந்நெறியார் வெளியிட்ட எத்துண்டுத்தாளினும் அந்நெறிக்குப் பெருமை தருவது.

இனி உரிமை வேண்டியவாறு நோக்குக. 1985-இல் அமெரிக்க மேலவை உறுப்பினர் ஜெசி ஹெல்ம்ஸ், மந்திரநெறிக் குழுக்களுக்குச் சமய அமைப்புகளுக்குரிய வரிவிலக்கைத் தடுக்கும் திருத்தம் ஒன்றைக் கொணர்ந்தனர். மேலவையில் அது நிறைவேறியும், இந்நெறியார் நாடெங்கும் மடல்கள் எழுதி முறையிட, இரு அவைகளின் இணைப்புக் குழுவில் நீக்கப்பட்டது. 1986-இற் சிறைவாசி ஒருவர் தொடுத்த வழக்கில், கூட்டரசின் மேன்முறையீட்டு நீதிமன்றம் விக்கா நெறியும் சமயமே என்று கொண்டது. ஆயினும் அவர் வேண்டிய வழிபாட்டுப் பொருள்களைச் சிறைக்குட் கொடாமை தகும் எனவும் முடிபு கூறிற்று. 1993-இற் சிகாகோவிற் கூடிய உலக சமயப் பேரவையில், 1893-இல் விவேகானந்தர் உரையாற்றிய அவையின் நூற்றாண்டு நிறைவில், பேகன் நெறியாரும் ஏனைச் சமயத்தாரோடு ஒருங்கு இருந்தனர். அதனைப் பொறாது கிரேக்கத் திருச்சபையினர் சிலர் விலகியபோதும், அவையினர் அழைப்பை மீட்டுக்கொள்ளவில்லை.

இவற்றுள் மிகவும் உள்ளத்தை உருக்குவது 2007-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அமெரிக்கப் படையில் உயிர்நீத்தார் கல்லறைகளில் அரசு பொறிக்கும் சமயச் சின்னங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதன்கண் கடவுள் இல்லை என்பார்க்குரிய சின்னமும் இடம்பெற்றிருந்தது. விக்கா நெறியார் வட்டத்துள் அமைந்த ஐங்கோண மீனைத் தம் சின்னமாகச் சேர்க்குமாறு ஏறத்தாழப் பத்தாண்டு வேண்டியும் விடை கிடைத்திலது. 2005-இல் அந்நெறியைச் சார்ந்த படைவீரர் ஒருவர் ஆப்கானிஸ்தானில் மடிந்தார். அவர்தம் நினைவுக்கல்லில் அச்சின்னத்தைப் பொறித்தற்கு அரசு இசையவில்லை. அவர் மனைவியாரும் பேகன் அமைப்பினரும் வழக்குத் தொடுத்தனர். 2007-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசு உடன்பட்டுச் சின்னத்தைப் பட்டியலிற் சேர்த்தது.

இவ்வழக்கின் வலிமை யாது? அங்கு ஒருவரும் தொண்ணூறு இலக்கம் மாண்டார் என்று கூறவேண்டியதில்லை. கற்காலத்தினின்று வந்த நெறி என்று நாட்டவேண்டியதில்லை. சாத்தானை மறுக்கவும் வேண்டியதில்லை. 'இவர் இந்நாட்டிற்காக உயிர் கொடுத்தார். இவர் நெஞ்சிற்கொண்ட நெறி இது. ஏனையோர்க்குத் தந்ததனை இவர்க்கும் தருக' என்னும் மூன்று கூற்றே போதியனவாயின. மூன்றும் மறுக்கவொண்ணாத உண்மைகள்.

தடைவிடை

அற்றேல், 'தொன்மை கூறியிராவிடின் 1954-இல் இந்நெறியார்க்குச் செவிகொடுப்பார் எவர்? புதியதொரு நெறியை நகையாடி ஒதுக்கியிருப்பாரன்றோ? ஆதலின் அக்கதை தொடக்கத்திற்கு வேண்டிய ஏணியாம்' எனின், அதனுள் ஒருபகுதி உண்மையே. பழமையை மதித்துப் புதுமையை ஐயுறும் உலகில், எளியோர் பழமையைப் புனைந்து அணிதல் வியப்பன்று. அவ்வளவிற் கார்ட்னரின்மேல் மட்டும் பழி சுமத்துதல் தகாது; பழமையொன்றனையே சமயத்தன்மைக்கு அளவுகோலாகக் கொண்ட உலகத்தார்மேலும் பழியுண்டு. ஆயினும் ஏணி என்பது ஏறியபின் விட்டுவிடத்தக்கது. விடாது சுமந்தோர், ஆராய்ச்சி வளருந்தோறும் தம் நெறியே தளர்வதாக அஞ்சினர். அவ்வச்சம் நெறியின் தளர்ச்சியால் வந்ததன்று. ஏணியின் தளர்ச்சியால் வந்தது.

'நன்மதிப்பை வேண்டிப் பேசுதலே தகாது. உண்மை தானே விளங்கும்' என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. ஆர்க்னித் தீவிற் பிரிக்கப்பட்ட குழந்தைகளும், கல்லறைக்கு வாதிட்ட கைம்பெண்ணும் உண்மை தானே விளங்கும்வரை காத்திருத்தல் அறமாகாது. பேசுதல் வேண்டும். எதனைப் பேசுதல் என்பதே வினா.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றாற் பெறப்படுவன இவை. தொன்மை கூறிய மறுமொழி ஓரளவு காலம் உதவி, பின் தன்னைச் சார்ந்தாரையே பிளந்து, இறந்தோரின் உண்மையையும் மறைத்தது. குற்றம் மறுத்த மறுமொழி உண்மையாயினும், பழிப்பாரின் சொல்லெல்லையைக் கடக்கமாட்டாதாயிற்று. ஒரோவழிப் பழியை அயலார்மேல் தள்ளும் தவற்றிற்கும் இடந்தந்தது. கொள்கையை உள்ளவாறு கூறி ஒப்புரிமை வேண்டிய மறுமொழியே பயன் விளைத்தது. அதுவும், தன் வரலாற்றைத் தானே ஆராயும் நேர்மையோடு கூடியபோதே முழுமை எய்திற்று.

ஒரு நெறி நேற்றுத் தோன்றியதாயினும் அதனை மேற்கொண்டார் வாழ்வைத் திருத்துமாயின், நேற்றுத் தோன்றியது என்று சொல்லுதற்கு நாணவேண்டுவதில்லை. பல்லாயிரம் ஆண்டு பழமையுடையதாயினும், அப்பழமையைக் காத்தற்குச் சான்றைத் திரிப்பார் அந்நெறிக்குத் துணைவராகார். விக்கா நெறியாருட் பெரும்பாலார் இவ்வுண்மையை ஏறத்தாழ ஐம்பதாண்டிற் கற்றனர். அவர்தம் சின்னம் இன்று கல்லறையிற் பொறிக்கப்படுவது, அவர் பழையோர் என்பதனாலன்று. அதனடியில் துயில்வோன் அதனை மெய்யென நம்பி வாழ்ந்தான் என்பதனாலேயாம்.